முதுமையில் பல் நலம்: மட்டாஞ்சேரி தரும் பாடம்

மக்களின் ஆயுட்காலம் நீண்டு வருவது நாட்டின் வளர்ச்சிக்கு ஓர் அளவுகோலாகக் கருதப்படுகிறது. நீண்ட ஆயுளைப் பெற்றவர்கள் அந்த ஆண்டுகளை எவ்வாறு கழிக்கிறார்கள் என்ற வினா பிறகே எழுகிறது. கண் புரை, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவை இவ்வினாவையொட்டிப் பேசப்படும் அளவுக்கு வாயும் பல்லும் பேசப்படுவதில்லை. வயதானால் பல் விழுவது இயற்கை என்ற எண்ணம் மக்களிடத்தும் நிருவாகத்தினரிடத்தும் ஆழ வேரூன்றியுள்ளதே இதற்குக் காரணம். பல் இழப்பு பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோய்களின் விளைவேயன்றி முதுமையின் விளைவு அன்று. இவ்வுண்மை ஏற்கப்பட்டால், முதியோருக்கென வகுக்கப்படும் நலத் திட்டங்களின் அமைப்பும் மாற வேண்டியிருக்கும்.

இதனை ஆராய்வதற்குக் கேரளம் ஏற்ற மாநிலமாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நாட்டு மக்களில் 8.6 சதவீதத்தினர், தமிழ்நாட்டில் 10.4 சதவீதத்தினர், கேரளத்தில் 12.6 சதவீதத்தினர். 2021ஆம் ஆண்டிற்கான மதிப்பீட்டில் கேரளத்தின் விகிதம் 16.5 சதவீதமாக உயர்ந்தது. கேரளம் இன்று சந்திக்கும் நிலையைப் பிற மாநிலங்கள் சில ஆண்டுகள் கழித்துச் சந்திக்கவுள்ளன. அக்கேரளத்திலும், கொச்சி நகரின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரி இப்பிரச்சினையின் பல முகங்களையும் ஒருங்கே காட்டுகிறது.

மட்டாஞ்சேரியின் சூழல்

எர்ணாகுளம், ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி ஆகிய நகராட்சிகள் இணைக்கப்பட்டு 1967ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று கொச்சி மாநகராட்சி உருவாயிற்று. அதற்கு முன்னர் பல நூற்றாண்டுகளாகவே மட்டாஞ்சேரி மிளகு, சுக்கு, ஏலம், கிராம்பு ஆகியவற்றின் வாணிபத் தலமாக விளங்கியது. 1568இல் கட்டப்பட்ட யூதர் ஆலயமும், அதனருகே உள்ள அரண்மனையும், சரக்குக் கிடங்குகள் நிறைந்த தெருக்களும் அவ்வரலாற்றின் சான்றுகள். கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், மாப்பிள்ளை முஸ்லிம்கள் எனப் பல சமூகத்தினர் இங்கு அருகருகே வாழ்கின்றனர். அண்டையிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்து வரும் தமிழ்க் குடும்பங்களும் உள்ளன.

இத்தெருக்களில் இன்று முதியவர்களாக இருப்போரில் பலர், மூட்டை சுமந்தும், சுக்கு தரம் பிரித்தும், கிடங்குகளிலும் படகுத் துறைகளிலும் தினக்கூலிக்கு உழைத்தும் தம் இளமையைக் கழித்தவர்கள். பசியையும் அயர்வையும் தணிக்க, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புடன் புகையிலையும் சேர்ந்த 'முறுக்கான்' அவ்வுழைப்பாளர்களுக்குத் துணையாயிற்று. பலமுறை அருந்தும் இனிப்புத் தேநீரும் பீடியும் அதனுடன் சேர்ந்தன. பல் வலித்தால் உமிக்கரியும் உப்பும் கொண்டு அழுந்தத் தேய்ப்பதும், கிராம்பை வலிக்கும் இடத்தில் வைத்துக் கடிப்பதும் வழக்கம்.

கிராம்பிலுள்ள யூஜினால் என்னும் பொருள் நரம்பை மரக்கச் செய்கிறது. பல் மருத்துவத்திலும் அதற்குப் பயன் உண்டு. ஆனால், வலி நின்றதால் நோயும் நின்றுவிட்டதாகக் கருதப்படுவதே இதிலுள்ள இடர். சொத்தை தொடர்ந்து உள்ளே இறங்குகிறது. மீண்டும் வலி தோன்றும்போது பல்லைப் பிடுங்குவது தவிர வேறு வழியில்லாத நிலை ஏற்பட்டு விடுகிறது. உமிக்கரியின் சொரசொரப்பும் அவ்வாறே. பற்களை வெளுக்கச் செய்வது போலத் தோன்றினும், ஆண்டுக்கணக்கில் தேய்க்கும்போது எனாமலையும் ஈறு விலகிய வேர்ப்பகுதியையும் அது தேய்த்துவிடுகிறது.

முதுமையில் வாயில் நிகழ்வன

பல்லின் மேற்பகுதியைக் காக்கும் எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருளாகும். ஈறு விலகும்போது வெளிப்படும் வேர்ப்பகுதிக்கு அத்தகைய கவசம் இல்லை. ஆகவே, முதியோருக்கு ஏற்படும் சொத்தை பெரும்பாலும் வேரையொட்டித் தொடங்குகிறது. கண்ணில் எளிதில் படாமலே பல்லின் அடிப்பகுதியை அரித்துவிடுகிறது.

இரண்டாவது, வாய் உலர்தல். உமிழ்நீர் உணவுத் துணுக்குகளைக் கழுவி, அமிலத்தைச் சமன்செய்து, பற்களைக் காக்கிறது. இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை முதலியவற்றுக்கு வழங்கப்படும் மருந்துகளில் பல உமிழ்நீர்ச் சுரப்பைக் குறைக்கின்றன. நாள்தோறும் நான்கைந்து மாத்திரைகள் உட்கொள்ளும் முதியவரின் வாய் உலர்வதற்கு வயதைவிட மருந்துகளே காரணமாக இருக்கக்கூடும். வறட்சியைத் தணிக்க அவர் இனிப்பு மிட்டாயை நாடினால் கேடு இரட்டிப்பாகிறது.

மூன்றாவது, நீரிழிவுக்கும் ஈறு நோய்க்கும் உள்ள இருவழித் தொடர்பு. கட்டுப்படாத நீரிழிவு ஈறு நோயை வளர்க்கிறது. முற்றிய ஈறு நோய் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. நீரிழிவு பரவலாக உள்ள கேரளத்தில் இத்தொடர்பு தனிக் கவனத்திற்குரியது.

பல் இழப்பின் விளைவு வாயோடு நிற்பதில்லை. மெல்ல இயலாதவர் முதலில் கைவிடுவன காய்கறி, பழம், பயறு, இறைச்சி ஆகியவையே. அவற்றின் இடத்தைக் கஞ்சியும், தேநீரில் தோய்த்த ரஸ்கும் பிடித்துக்கொள்கின்றன. மீனும் காயும் மலிவாகக் கிடைக்கும் ஊரிலேயே புரதமும் நார்ச்சத்தும் குறைந்த உணவில் ஒருவர் வாழ நேர்கிறது. படுக்கையில் கிடக்கும் முதியோரின் வாய் தூய்மையாக இல்லாவிடில், வாயிலுள்ள கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா உண்டாகும் அபாயமும் உண்டு. பேச்சு குழறுவதால் கூட்டத்தைத் தவிர்ப்பதும், பிறர் முன் உண்ண நாணுவதும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத இழப்புகள்.

புள்ளிவிவரங்களைப் படிக்கும் முறை

இந்தியப் பல் மருத்துவக் குழு 2002-03ஆம் ஆண்டில் நடத்திய தேசிய வாய் நல ஆய்வு இத்துறையின் அடிப்படை ஆவணமாகும். அதன்படி, 65 முதல் 74 வயது வரையுள்ளோரில் 85 சதவீதத்தினருக்குப் பற்சொத்தை காணப்பட்டது. ஈறு நோய், 35 முதல் 44 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கும், 65 முதல் 74 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 80 சதவீதத்தினருக்கும் இருந்தது.

மேலோட்டமாக நோக்கும் மாணவர், முதுமையில் ஈறு நோய் குறைகிறது என முடிவு செய்யக்கூடும். அம்முடிவு தவறாகும். பல் இருக்கும் இடத்தில்தான் இந்நோயைக் கணக்கிட இயலும். நோயுற்ற பற்கள் விழுந்துவிட்டால், நோயாளி கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறார். நலம் பெற்றதால் குறையும் எண்ணிக்கையையும், இழந்துவிட்டதால் குறையும் எண்ணிக்கையையும் பிரித்தறிவது நலத் திட்டங்களை மதிப்பிடுவோர் அனைவரும் கற்கவேண்டிய பாடம்.

ஜப்பானிய அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. 80 வயதிலும் 20 பற்கள் என்னும் இலக்கை அந்நாடு 1989இல் அறிவித்தது. ஓரளவு எல்லா உணவையும் மென்று உண்ண ஏறத்தாழ 20 பற்கள் தேவை என்பதே அவ்விலக்கின் அடிப்படை. இயக்கம் தொடங்கிய காலத்தில் அவ்வயதினரில் பத்தில் ஒருவருக்கும் குறைவானோரே அந்நிலையில் இருந்தனர். 2016ஆம் ஆண்டின் ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்நிலையை எட்டியிருந்தனர். ஒரே தலைமுறைக் காலத்தில் இம்மாற்றம் நிகழ்ந்ததிலிருந்து, பல் விழுவது வயதின் கட்டளை அன்று என்பது தெளிவாகிறது. எஞ்சியுள்ள பற்களை எண்ணும் இலக்கை அந்நாடு தேர்ந்தெடுத்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

'மந்தஹாசம்' திட்டமும் அதன் எல்லையும்

வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள 60 வயது நிரம்பியவர்களுக்குச் செயற்கைப் பற்கள் பொருத்துவதற்காகக் கேரள அரசின் சமூக நீதித் துறை 'மந்தஹாசம்' என்னும் திட்டத்தைச் செயற்படுத்தி வருகிறது. புன்முறுவல் என்பது அச்சொல்லின் பொருள். பற்களை முழுமையாக இழந்தவர்களையும், எஞ்சிய பற்கள் பயனற்றவையாதலால் அகற்றப்பட வேண்டியவை எனப் பல் மருத்துவர் சான்றளித்தவர்களையும் இத்திட்டம் கருத்தில் கொண்டுள்ளது. உதவியின் உச்ச வரம்பு 10,000 ரூபாய். பல் செட்டை ஆடம்பரப் பொருளாகக் கருதாமல், முதியோரின் உரிமையாக ஓர் அரசு ஏற்றுக்கொண்டது பாராட்டத்தக்க முன்னேற்றமாகும்.

எனினும், திட்டத்தின் அமைப்பை நோக்கும்போது இரு வினாக்கள் எழுகின்றன. முதலாவது, உதவி வந்து சேரும் காலம். மட்டாஞ்சேரிக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்து ஓய்ந்த 62 வயது மூதாட்டி ஒருவருக்குப் பன்னிரண்டு பற்கள் எஞ்சியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு பற்களைச் சொத்தை அடைத்துக் காக்கலாம். ஈறுகளைச் சுத்தம் செய்து மற்றவற்றை நிலைநிறுத்தலாம். இச்சிகிச்சைக்கு அவர் மருத்துவமனைக்குப் பலமுறை செல்ல வேண்டும். எர்ணாகுளம் செல்வதாயின் பேருந்திலோ படகிலோ உப்பங்கழியைக் கடக்க வேண்டும். மூட்டு வலியுள்ளவருக்குத் துணை வேண்டும். துணை வருபவருக்கு அன்றைய கூலி இழப்பாகும். இலவச சிகிச்சையிலும் இச்செலவு நோயாளியின் தலையிலேயே விழுகிறது. ஆகவே அவர் கிராம்பைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறார். பன்னிரண்டு பற்களும் போனபின் அவர் உதவிக்குத் தகுதி பெறுகிறார். காப்பதற்குக் கிட்டாத உதவி இழந்தபின் கிட்டுவது, நல்ல நோக்கமுடைய திட்டத்திலும் நேரக்கூடிய முரண்பாடு.

இரண்டாவது வினா, பல் செட் வழங்கப்பட்டபின் நிகழ்வது பற்றியது. முழுப் பல் செட் ஒரே வருகையில் முடிவதன்று. அளவெடுத்தல், கடிமட்டம் குறித்தல், பொருத்திப் பார்த்தல், வழங்கல், உறுத்தும் இடங்களைச் சீர்செய்தல் எனப் பல நிலைகள் உள்ளன. பல் இல்லாத தாடை எலும்பு ஆண்டுதோறும் தேய்வதால், நன்கு பொருந்திய செட்டும் நாளடைவில் தளர்கிறது. அடிப்பகுதியை மீண்டும் நிரப்பிச் சீரமைக்க வேண்டியிருக்கிறது. இத்தொடர் கவனிப்பு இல்லையேல், பல் செட் அலமாரியில் உறங்கிவிடும். வழங்கப்பட்ட செட்டுகளின் எண்ணிக்கை ஆண்டறிக்கைக்குப் போதுமானது. ஓராண்டு கழித்தும் அதை அணிந்து உணவு உண்போர் எத்தனை பேர் என்பதே திட்டத்தின் உண்மையான பலன்.

செலவின் நோக்கிலும் இது சிந்திக்கத்தக்கது. ஒருவருக்கு ஓராண்டிற்குத் தேவையான பிரஷ்களும் ஃப்ளூரைடு பற்பசையும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். செயற்கைப் பல்லுக்கான உச்ச வரம்புத் தொகை அதைப்போலப் பல மடங்காகும். அதற்குப் பின்னரும் செயற்கைப் பல் இயற்கைப் பல்லின் மெல்லும் வலிமையில் ஒரு பகுதியையே தருகிறது.

எர்ணாகுளம் ஆய்வுகளின் படிப்பினை

வாய் நலம் பல்லோடு முடிவதன்று. புகையிலை மெல்லும் வழக்கமுள்ள மக்களிடையே வாய்ப்புற்று பெரும் அபாயமாகும். இதில் உலகுக்கு முன்னோடியான ஆய்வு நடந்த இடங்களுள் எர்ணாகுளம் மாவட்டமும் ஒன்று. பம்பாயிலிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பல் ஆராய்ச்சிப் பிரிவு 1966-67ஆம் ஆண்டுகளில் எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர், சிங்பூம், தர்பங்கா ஆகிய மாவட்டங்களில் 50,915 கிராம மக்களின் வாய்களைச் சோதித்தது. புகையிலைப் பழக்கத்துக்கும் வாயில் தோன்றும் வெண்படலத்துக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பு இவ்வாய்வில் உறுதிப்பட்டது.

டாக்டர் ஃபாலி மேத்தாவும் டாக்டர் பி.சி. குப்தாவும் முன்னின்ற அடுத்த கட்ட ஆய்வு 1977இல் தொடங்கியது. எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர் ஆகிய மாவட்டங்களில் புகையிலை பயன்படுத்தும் 36,471 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். எர்ணாகுளத்தில் மட்டும் 12,212 பேர். ஆண்டுதோறும் வாய்ச் சோதனையும், நேர்முக அறிவுரையும், சுவரொட்டி, திரைப்படம், வானொலி வழிப் பிரசாரமும் மேற்கொள்ளப்பட்டன. பழக்கத்தை விட்டவர்களும் குறைத்தவர்களும் பெருகினர். புதிதாக வெண்படலம் தோன்றுவது எர்ணாகுளத்தில் கணிசமாகக் குறைந்தது. பல்லாண்டுப் பழக்கத்தையும் பக்குவமான அறிவுரையால் மாற்ற இயலும் என இது மெய்ப்பித்தது.

1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய மற்றோர் ஆய்வில், 35 வயதுக்கு மேற்பட்ட 1,90,000க்கும் அதிகமானோர் இரு பிரிவுகளாக ஆராயப்பட்டனர். மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பட்டதாரிகள் ஒரு பிரிவினரின் வீடுகளுக்குச் சென்று, வெளிச்சத்தில் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005இல் வெளியான முடிவுகள் கூறின. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

பழக்கமும் மாறி வருகிறது. கேரளத்தில் ஏதேனும் ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தும் வயதுவந்தோர் 2009-10இல் 21.4 சதவீதமாக இருந்து, 2016-17இல் 12.7 சதவீதமாகக் குறைந்தனர். ஆயினும் முற்காலத்துப் பழக்கத்தின் விளைவைச் சுமப்போர் இன்றைய முதியோரே. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாகும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003இல் முடிவு செய்ததையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நாள்தோறும் செய்யத்தக்கவை

முதியோரும் அவர்களைப் பேணுவோரும் கடைப்பிடிக்க வேண்டியவை எளியவையே.

1. காலையிலும் இரவு உறங்கச் செல்லுமுன்னும் மிருதுவான பிரஷ்ஷும் ஃப்ளூரைடு கலந்த பற்பசையும் கொண்டு மென்மையாகத் துலக்க வேண்டும். இரவுத் துலக்கல் தவிர்க்கலாகாதது. கை நடுக்கமுள்ளவர்களுக்குப் பிரஷ்ஷின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுக்கலாம்.

2. வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, மட்டாஞ்சேரி முஸ்லிம்களிடையே வழக்கிலுள்ள மிஸ்வாக் குச்சி ஆகியவை நன்கு மென்று நாராக்கிப் பயன்படுத்தினால் பயனளிப்பவை. பற்களின் உட்புறத்தையும் கடைவாயையும் அவை எட்டுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். உமிக்கரி, செங்கற்பொடி, புகையிலை கலந்த பற்பொடி ஆகியவை அறவே விலக்கத்தக்கவை.

3. வாய் உலர்ந்தால் அடிக்கடி சிறிது நீர் அருந்த வேண்டும். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டி ஆலோசனை பெற வேண்டும். தாமாக எந்த மருந்தையும் நிறுத்தலாகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் பல் பிடுங்குமுன் அதனைப் பல் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

4. பல் செட்டை நாள்தோறும் பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு கழுவி, இரவில் கழற்றித் தண்ணீரில் வைக்க வேண்டும். ஈறுகளையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இரவு பகலாக அணிந்திருந்தால் பூஞ்சைத் தொற்று உண்டாகும்.

5. இரு வாரங்களில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வாயைத் திறப்பதில் இறுக்கம், விழுங்குவதில் தடை ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் வலி வரும்வரை காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும். தொடக்க நிலை வாய்ப்புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை.

6. பற்களே இல்லாதவர்களும் ஆண்டுக்கொருமுறை வாய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

நிருவாகம் செய்யத்தக்கவை

இதற்கெனப் புதிய துறை தேவையில்லை. தேவையான அமைப்புகள் பல ஏற்கெனவே உள்ளன. 2010-11இல் முதியோர் நலவாழ்வுக்கான தேசியத் திட்டமும், 2014-15இல் தேசிய வாய் நலத் திட்டமும் தொடங்கப்பட்டன. 30 வயதுக்கு மேற்பட்டோரை வாய்ப்புற்றுக்காகச் சோதிப்பது ஆரம்பச் சுகாதார மட்டத்தின் பணிகளுள் ஒன்றாக ஆக்கப்பட்டுள்ளது. கேரள சமூகப் பாதுகாப்பு மிஷனின் 'வயோமித்ரம்' திட்டம் நகரப் பகுதிகளில் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு நடமாடும் மருத்துவ முகாம்கள் வழி இலவச மருந்துகளை வழங்குகிறது. 2008இல் நோய்த் தணிப்புக் கவனிப்புக் கொள்கையை வகுத்த கேரளத்தில், உள்ளாட்சிகளின் செவிலியர்கள் படுத்த படுக்கையானோரின் வீடு தேடிச் செல்கின்றனர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இத்தன்மையதே. 70 வயது நிரம்பிய அனைவருக்கும் 2024இல் விரிவுபடுத்தப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உரியது. வெளிநோயாளராகப் பெறும் பல் சிகிச்சையை அது தாங்குவதில்லை. ஆதலின் வாயில் தேடி வரும் இவ்வமைப்புகளே முதியோரின் பல் நலத்திற்கு உற்ற வழியாகும்.

இரத்த அழுத்தம் பார்க்க வரும் செவிலியர், ஒரு கைவிளக்கின் துணையால் இரண்டு நிமிடங்களில் வாயையும் பார்த்துவிடலாம். மருந்து அட்டையில் எஞ்சியுள்ள பற்களின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் சேர்க்கலாம். மட்டாஞ்சேரி போன்ற பகுதிகளில் மாதத்தில் ஒரு நாள் பல் மருத்துவர் நடமாடும் முகாமுடன் வந்தால், சொத்தை அடைத்தலும் ஈறு சுத்திகரிப்பும் முதியோரின் தெருவிலேயே நடைபெறும். நாட்டில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளமையால், பயிற்சி மருத்துவர்களை இப்பணியில் ஈடுபடுத்துவதும் இயலும். செயற்கைப் பல்லுக்கான நிதியில் ஒரு பகுதியை, பகுதிப் பல் செட்டுக்கும் ஓராண்டுத் தொடர் கவனிப்புக்கும் ஒதுக்குவது பற்றியும் ஆராயலாம்.

பல்லை இழந்தவருக்குப் பல் செட் வழங்குவது அரசின் கடமையாகும். அதை எக்காரணம் கொண்டும் குறைத்தல் தகாது. ஆயின் அக்கடமை நிறைவேறுவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. இன்று 60 வயதைத் தொடும் கிடங்குத் தொழிலாளி ஒருவர், 80 வயதிலும் தம் பற்களாலேயே மீனும் காயும் மென்று உண்ணும் நிலையை உருவாக்க முடியும் என்பதற்குச் சான்றுகள் போதிய அளவில் உள்ளன. அதற்கு வேண்டிய பிரஷ்ஷும் கைவிளக்கும் எளிதில் கிடைப்பவை; வீடுதோறும் செல்லும் பணியாளர்களும் இருக்கின்றனர். அவர்களுடைய பணிப் பட்டியலில் முதியோரின் வாயையும் சேர்ப்பதே எஞ்சியுள்ள வேலையாகும்.